பச்சை வெளிச்சத்தை நம்பலாமா?

கேள்வி: என் மகனைக் கடித்த தெருநாய் நான்காம் நாள் செத்துவிட்டது. அதன் மூளையை ஆய்வுக்கு அனுப்பினார்கள். மறுநாளே ‘ரேபிஸ் பாசிட்டிவ்’ என்று அறிக்கை வந்துவிட்டது. ஒரே நாளில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நம்பலாமா? தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறோம்.
- ஒரு வாசகி, தேனி

பதில்: நம்பலாம் அம்மா. மீதி ஊசிகளில் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. அறிக்கைக்குக் காத்திருக்காமல் ஊசியைத் தொடங்கினீர்களே, அதுதான் சரி.

நான் 26 வருஷம் இந்த ஸ்லைடுகளைப் பார்த்தவள். நாயின் மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் துளி எடுத்துக் கண்ணாடியில் ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் ஊற வைப்போம். அப்புறம் அதன்மேல் ஆன்டிபாடி. ரேபிஸ் வைரஸின் நியூக்ளியோபுரோட்டீன் என்ற புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும்படி தயாரித்தது அது. அதோடு ஒளிரும் சாயம் ஒன்றை ஏற்கெனவே கோத்திருப்பார்கள். அரைமணி நேரம் 37 டிகிரி சூட்டில் வைத்துக் கழுவினால், ஒட்டாதது எல்லாம் போய்விடும். வைரஸ் இருந்தால் மைக்ராஸ்கோப்பின் நீல ஒளியில் வாழைக்குருத்துப் பச்சையில் புள்ளி புள்ளியாக மின்னும். சில தூசி அளவு, சில முட்டை வடிவில் பெரிதாக.

ஆன்டிபாடியில் சாயம் கோக்கும் இந்த யோசனை அமெரிக்காவின் ஆல்பர்ட் கூன்ஸ் 1940களின் தொடக்கத்தில் செய்துகாட்டியது. 1958-இல் கோல்ட்வாசர், கிஸ்லிங் இருவரும் ரேபிஸுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால், 1903-இல் நெக்ரி என்ற இத்தாலிய மருத்துவர் கண்டுபிடித்த ‘நெக்ரி பாடி’யை, அதாவது வெறிநோய் கண்ட மூளைச் செல்லுக்குள் தெரியும் சிறு உருண்டையை, சாதாரணச் சாயம் ஏற்றித் தேடுவார்கள். வெறிபிடித்த நாயிலும் சிலசமயம் அது கண்ணில் படாது. சந்தேகம் தீர அந்த நாயின் மூளையைக் கரைத்து எலிக்கு ஊசியில் ஏற்றி, அதற்கு நோய் வருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடிபட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாயால் அத்தனை நாள் இருக்க முடியும்?

எதை வைத்து நம்பலாம் என்கிறேன், கேளுங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் நாயின் ஸ்லைடோடு இன்னும் இரண்டு ஸ்லைடு போகும். ஒன்று ரேபிஸ் இருப்பது உறுதியான மூளை, இன்னொன்று நோயில்லாத மூளை. முதலாவது மின்ன வேண்டும், இரண்டாவது இருட்டாக இருக்க வேண்டும்.

ஒருநாள் ஆன்டிபாடிப் புதுப் பாட்டில் ஒன்றைத் திறந்தோம். நோயில்லாத ஸ்லைடிலும் மங்கலான பச்சை. வெளியே பெஞ்சில் ஒரு அப்பா, கைக்கட்டோடு ஒரு பெண் குழந்தை. அவர்களுடைய நாயின் ஸ்லைடும் பச்சைதான். ‘பாசிட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைய ஸ்லைடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஆன்டிபாடியை எவ்வளவு நீர்க்க வைத்தால் நோயில்லாத மூளை இருண்டு நோயுள்ளது மட்டும் மின்னுகிறது என்று படிப்படியாகப் பார்த்தோம். பாட்டிலில் குறையில்லை, நாங்கள்தான் பழைய அளவிலேயே கெட்டியாக ஊற்றியிருந்தோம். மாலை ஆறரைக்குத் திரும்பப் பார்த்தபோது அந்த நாய் பாசிட்டிவ்தான். அந்த அப்பாவிடம் போய்ச் சொன்னபோது என் குரலில் தயக்கம் இல்லை. காலையில் சொல்லியிருந்தால் இருந்திருக்கும்.

உங்களுக்கு வந்த அறிக்கைக்குப் பின்னாலும் அந்த இரண்டு ஸ்லைடு இருக்கும்.

இன்னொன்று. அந்த நாய் வேறு யாரையாவது கடித்ததா, பிறாண்டியதா, யாருடைய புண்ணையாவது நக்கியதா என்று தெருவில் விசாரியுங்கள். அப்படி யாராவது இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.