மெமோவுக்குப் பிறகு கிடைத்த ஆட்டிசம் சான்று

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் என் மகன் (26) மூன்று வருடமாகக் கணக்கு எழுதுகிறான். பேரேட்டில் ஒரு பிழை வராது. ஆனால் கூட்டமும் சத்தமும் தாங்க மாட்டான். பிப்ரவரியில் பச்சைத்தேயிலை எடை போடும் இடத்துக்கு மாற்றினார்கள். ஒரு சாயங்காலம் விவசாயிகள் முன்னால் மேனேஜரிடம் கத்திவிட்டு வெளியேறிவிட்டான். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பிறகுதான் டாக்டரிடம் காட்டினோம், ஆட்டிசம் என்றார். அவனை "லூசு" என்று கேலி செய்தவர்கள்மீது வழக்குப் போடலாமா?

பதில்: கேலியை விடுங்கள். அங்கே சம்பளம் வாங்குபவர் யாரும் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வரமாட்டார். பார்க்க வேண்டியது ஒரு தேதி: ஆட்டிசம் என்பது நிர்வாகத்துக்கு எழுத்தில் எப்போது தெரிந்தது? மெமோவுக்கு முன் தெரியாது. எனவே "தெரிந்தே வசதி மறுத்தார்கள்" என்ற வாதம் அந்தச் சாயங்காலத்துக்கு நிற்காது, இனி நடப்பதற்கு நிற்கும். சான்றின் நகலோடு இந்த வாரமே கடிதம் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். 40 சதவீதக் குறைபாடு வேண்டும் என்பதெல்லாம் இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான். நியாயமான வசதி கேட்க அந்த வரம்பு தேவையில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் 2021 விகாஷ் குமார் தீர்ப்பு.

ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், வேலையில் வசதி செய்து தரச் சொல்லும் பிரிவு 20 அரசு நிறுவனங்களைத்தான் பெயர் சொல்லிக் கட்டுகிறது. தனியாரை நேராகத் தொடுவது பிரிவு 21: சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும்; 20 பேருக்குக் குறையாமல் இருந்தால் மாற்றுத்திறனாளி ஊழியர்களைக் கவனிக்கும் தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். அந்தக் கொள்கையின் நகலைக் கேளுங்கள். இல்லையென்றால் முதல் முறை அபராதம் 10,000 ரூபாய் வரைதான். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரும் பரிந்துரைதான் செய்வார். பேரம் பேச உதவும், அவ்வளவே.

வக்கீலிடம் வரும் கட்சிக்காரர்கள் விழுகிற குழி வேறு. இரக்கம் வரட்டும் என்று, "என் மகனால் கூட்டத்தில் நிற்க முடியாது, போன் பேச முடியாது, அவசரத்தில் மூளை ஓடாது" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதையே வாசித்து, "வேலைக்குத் தகுதியில்லை என்று அவர்களே சொல்கிறார்கள்" என்பார். டாக்டர் சான்றில் "மன அழுத்தமான பணிக்கு ஏற்றவர் அல்ல" என்று ஒரு வரி இருந்தாலும் கதை முடிந்தது. எதைத் தந்தால் என்ன வேலையை முடிப்பார் என்று எழுதச் சொல்லுங்கள். கடிதத்தில் மூன்று கோரிக்கை போதும்: பழையபடி பேரேட்டு வேலை, உத்தரவுகள் வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில், எடை மேடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் விவசாயிகள் கூட்டம் இல்லாத நேரத்தில், காதுக்கவசத்தோடு. மூன்றுக்கும் பெரிய செலவில்லை, "தாங்க முடியாத சுமை" என்று அவர்களால் சொல்ல முடியாது.

மெமோவுக்கான பதிலில் "தவறு செய்துவிட்டேன், மன்னிக்கவும்" வேண்டாம், அது குற்றத்தை ஒப்புக்கொள்வது. நடந்தது குறைபாட்டோடு தொடர்புள்ளது என்று சான்றை இணையுங்கள். 2021 ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில், ஒழுங்கு நடவடிக்கைக்கு மனநலக் குறைபாடு காரணங்களில் ஒன்றாக இருந்தாலே அது பாகுபாடு ஆகலாம் என்றது உச்ச நீதிமன்றம். தாரிவால் மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரி, அதாவது அரசு ஊழியர். உங்களுக்கு அது துணைதான், தூண் அல்ல.

"ராஜினாமா எழுதிக்கொடுங்கள், நல்ல சான்று தருகிறோம்" என்பார்கள். தேதி போடாத தாளில்கூடக் கையெழுத்து வேண்டாம். மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது மலையேற்றம்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஆபீஸில் மூன்று நாற்காலிதான், மேனேஜரும் மாறப்போவதில்லை என்றால், பணம் வாங்கிக்கொண்டு விலகும் சமரசமே மேல். மெமோவை எழுத்தில் வாபஸ் வாங்கட்டும். சம்பள பாக்கி, பி.எஃப்., ஆறு மாதச் சம்பளம், நடத்தை பற்றிக் கறை இல்லாத அனுபவச் சான்று. எல்லாம் தொழிலாளர் துறைச் சமரச அலுவலர் முன்னால், பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்து.