ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஸ்பார்க் பிளக்? மலைக்காரர்கள் கேட்டவை

குன்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இன்ஜினில் பெட்ரோல் கலவையைப் பொறியால் பற்றவைக்கும் பிளக் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் போடுகிறேன், சில பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். என்ஜிகேவா, டென்சோவா, போஷா?

தம்பி, மூன்றும் நல்ல கம்பெனிதான். மேனுவலில் உள்ள பார்ட் நம்பரை முதலில் பாருங்கள், அதற்கு இணையானது எந்த பிராண்டில் கிடைத்தாலும் வாங்கலாம், ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. கோளாறு எங்கே வருகிறதென்றால் வெப்ப எண்ணில், அதாவது பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்று காட்டும் எண்ணில். என்ஜிகேயில் 6 என்பது டென்சோவில் 20. இந்த இரண்டிலும் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சியாகும், அதாவது சூட்டைச் சீக்கிரம் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கடத்திவிடும். போஷில் தலைகீழ், எண் ஏறினால் சூடான பிளக். பிராண்ட் மாற்றும்போது கடையில் "அதே நம்பர் கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

ஊட்டியிலிருந்து: சார், பழைய போர்ஷ் பாக்ஸ்டர். கோவையில் பறக்கிறது, இங்கே வந்தால் இழுவையே இல்லை. இரிடியம் முனை உள்ள பிளக் போட்டால் பிக்அப் வருமா?

வராது சார். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத இன்ஜினுக்கு மூச்சே அவ்வளவுதான், எந்த பிளக்காலும் அதை ஈடுகட்ட முடியாது. இரிடியத்தில் லாபம் ஆயுளில்தான். நிக்கல் 1455 டிகிரியில் உருகும், இரிடியத்துக்கு 2446 டிகிரி வேண்டும், அதனால் முனையை மெலிதாக்க முடிகிறது: டென்சோ இரிடியம் பவரில் 0.4 மி.மீ., என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸில் 0.6. மெல்லிய முனையில் பொறி எளிதாகத் தாவும், தேய்மானமும் மெதுவாக இருக்கும். உங்கள் காரில் ஆறு பிளக்கும் இன்ஜினின் இரு பக்கவாட்டில், பின் சக்கரத்தைக் கழற்றி அடியில் படுத்துத்தான் கைவிட வேண்டும். அந்தக் கூலியைப் பார்த்தால் நீண்ட நாள் உழைக்கும் பிளக் போடுவதுதான் லாபம்.

குன்னூரிலிருந்து: எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எஸ்யூ கார்ப்பரேட்டர் இரண்டு. என்ஜிகே பிபி6இஎஸ் பிளக் போட்டும் கரியாகவே கழல்கிறது. பிராண்டை மாற்றட்டுமா?

மாற்றாதீர்கள் ஐயா, பிளக் மேல் பழி போடாதீர்கள். கார்ப்பரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது, பெட்ரோலை அதே அளவில் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் அளவைத் திருத்தும் ஜெட் நட்டை இரண்டு கார்ப்பரேட்டரிலும் ஒரே அளவு மேலே ஏற்றிக் கலவையை மெலிதாக்கி, அதாவது பெட்ரோலைக் குறைத்துப் பாருங்கள், பிளக் நுனியின் பீங்கான் லேசான பழுப்பு நிறத்துக்கு வந்தால் சரி. ஒரு படி சூடான பிபி5இஎஸ் போடு என்று யாராவது சொல்வார்கள். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அதுவும் நடக்கும், ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கி நெடுஞ்சாலையில் முழு மிதி மிதித்தால் பிளக் நுனி 850, 900 டிகிரி தாண்டி, பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டனுக்கு ஆபத்து. சமவெளிக்கு இறங்குகிறபோது மெலிதாக்கிய கலவையையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

கொடைக்கானலிலிருந்து: அண்ணா, மூடுபனிக் காலையில் மட்டும் மிஸ் அடிக்கிறது. பிளக் புதுசு.

கரண்ட் தரும் காயிலிலிருந்து வந்து பிளக்கை மூடும் ரப்பர் உறையைக் கழற்றி பிளக்கின் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். பென்சிலில் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழே இறங்கியிருந்தால், கரண்ட் ஈரத்தில் வெளிப்புறமாகவே தாவி இறங்குகிறது என்று அர்த்தம். அந்த பிளக்கையும் உறையையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி வரும். அப்புறம், ஏரிக்கும் ஏழு ரோட்டுக்கும் நடுவிலேயே கார் ஓடிக்கொண்டிருந்தால் பிளக் நுனிக்கு 450 டிகிரி சூடு ஏறவே ஏறாது, அந்தச் சூடு வந்தால்தான் படிந்த கரி எரியும். அவ்வப்போது வத்தலகுண்டு வரை இறங்கி ஏறுங்கள்.

கூடலூரிலிருந்து: பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றிய (ரீமேப் செய்த) டர்போ கார். வேறென்ன மாற்றணும்?

ஒரு படி குளிர்ந்த பிளக், பொறி தாவும் இடைவெளியான கேப்பும் கொஞ்சம் குறைவாக. டர்போ திணிக்கும் காற்றழுத்தம் (பூஸ்ட்) ஏறினால் அகலமான கேப்பில் பொறி அணைந்துவிடும். எவ்வளவு குறைப்பது என்று ரீமேப் செய்தவரிடமே கேளுங்கள்.

ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறதே, வாங்கலாமா?

பாதி விலை என்றாலே எனக்குச் சந்தேகம்தான். வாஷர் லூசாகக் கழன்று வந்தால், நடு முனை கோணலாக இருந்தால், அச்செழுத்து மங்கியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நானே மாட்டலாமா அண்ணா?

தாராளமாக. இன்ஜின் ஆறட்டும். முதல் சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள், அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு பெரிது. வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக் என்றால் இறுக்கும் அளவு பொதுவாக 25 நியூட்டன் மீட்டர், உங்கள் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான்.