இரண்டாவது பையை யார் வாங்குவார்கள்?

வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிறுதொழில்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓராண்டாகக் கான்வாஸ் பைகள் தைத்து விற்கிறோம். மூவர் பெண்கள். மற்ற இருவர் படைப்பணி முடித்து வந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கு இடக்கையில் மூன்று விரல்கள் இல்லை. தொடங்கியபோது அக்கம்பக்கத்தார் காட்டிய அன்பில் திக்குமுக்காடிப் போனோம். முதல் சில மாதங்களில் தைத்த பைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. ஐந்தாம் மாதத்திலிருந்து விற்பனை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பாராட்டியவர்கள் இன்றும் பாராட்டுகிறார்கள், வாங்கத்தான் ஆளில்லை. ஒரு சங்கம் 60 பைகளை வாங்கிக்கொண்டு நான்கு மாதங்களாகப் பணம் தரவில்லை. தெரிந்தவர்கள் என்பதால் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

‘பெண்களும் முன்னாள் படைவீரர்களும் தைத்தது’ என்று ஒவ்வொரு பையிலும் முத்திரை வைத்தால் விற்பனை கூடும் என்கிறார்கள் என் தோழிகள் இருவரும். படையிலிருந்து வந்த இருவருக்கும் அதில் விருப்பமில்லை. இரக்கத்தை விற்க வேண்டாம் என்கிறார்கள். சமூகத்தின் ஆதரவு என்று நாம் எதைச் சொல்கிறோம்? முத்திரை வைக்கலாமா, கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் ஐவரின் உழைப்பையும் மதித்தே இதை எழுதுகிறேன். முதலில் முத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு பட்டறையில் எழுந்து, அங்கே அதற்கு நல்ல விடையும் கிடைத்தது.

முதல் உலகப் போரின்போது, 1915இல், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனையில் தொண்டு செய்யச் சென்றவர் ஆனி பிண்டன் கார்ட்டர் என்ற, ஓவியம் பயின்ற பெண். கையிழந்த வீரர்களின் எஞ்சிய கைப்பகுதியில் தூரிகையைக் கட்டி, பூ, இலை போன்ற உருவங்களை வெட்டியெடுத்த ஸ்டென்சில் தகட்டின் வழியாகத் துணியில் வண்ணம் தீட்ட அவர்களைப் பழக்கினார். அந்த முயற்சி ‘பெயின்டட் ஃபேப்ரிக்ஸ்’ என்ற பெயரில் 1923இல் நிறுவனமாகப் பதிவாகி, 1950களின் பிற்பகுதி வரை நடந்தது. ‘வேலை, தருமம் அல்ல’ என்பது அவர்களுடைய முழக்கம். இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்வது ஸ்டென்சில்தான். கை எவ்வளவு நடுங்கினாலும் தகட்டின் விளிம்பு கோட்டைக் காப்பாற்றிவிடும். துணியில் விழும் பூ பிசிறில்லாமல் இருக்கும். செய்தவரின் காயத்தை மனத்தில் வைத்து வேலைமுறையை அமைத்ததால், செய்த பொருளுக்குச் சலுகை கேட்க வேண்டிய தேவை எழவில்லை. யார் செய்தது என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை. வாங்கியவர்களுக்கு அது தெரியும். ஆனால் வாங்கிய துணியை உடையாகத் தைத்து உடுத்த முடிந்தது.

உங்கள் பட்டறைக்கு வருவோம். விரல்களை இழந்த தோழர் இப்போது என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. வாடிக்கையாளர் பார்வையில் படும்படி முன்மேசையில் உட்கார வைத்திருந்தால், அவர் கசப்பதற்குக் காரணம் இருக்கிறது. கான்வாஸைத் தைக்கும்போது இடக்கைதான் துணியை ஊசிக்கு நேராக நகர்த்திக் கொடுக்கும். அந்த வேலையைச் செய்ய மேசையோடு பொருத்திய ஒரு பிடிப்பானும் வழிகாட்டிச் சட்டமும் போதும் என்றால், அதைச் செய்துகொடுப்பதே உங்கள் முதல் செலவாக இருக்கட்டும். முத்திரையைப் பொறுத்தவரை, அது அவர்கள் வாழ்க்கையைப் பற்றிய சொல் என்பதால் அவர்கள் இருவரும் சம்மதிக்காமல் வைக்கக் கூடாது. சம்மதித்தாலும் பையின் உட்புறம், சிறியதாக இருந்தால் போதும். முத்திரையைப் பார்த்து ஒருவர் முதல் பையை வாங்கக்கூடும். இரண்டாவது பையை வாங்குவதா என்பதைத் தோள்வார் பையோடு சேருமிடத்தில் போடப்படும் தையலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஐந்தாம் மாதம் விற்பனை இறங்கியது என்கிறீர்கள். அதற்குள் முதல் பைகளில் எத்தனை அந்த இடத்தில் பிரிந்தன என்று வாங்கியவர்களிடம் கேட்டீர்களா? அன்பின் காரணமாக அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்தது அந்த 60 பைகள். சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் அந்தச் சங்கம் உங்களுக்கு ஆதரவு தரவில்லை. உங்களிடமிருந்து நான்கு மாதங்களாக வட்டியில்லாக் கடன் வாங்கியிருக்கிறது. அந்தப் பணம் வந்திருந்தால் அடுத்த சுருள் துணி வந்திருக்கும், ஐவருக்கும் கூலி போயிருக்கும். சிறுதொழில்கள் ஆர்டர் இல்லாமல் மூடப்படுவதைப் போலவே, ஆர்டர் இருந்தும் கையில் காசில்லாமல் மூடப்படுகின்றன. ஆகவே கூச்சத்தை விட்டுவிட்டு, விற்ற தேதியும் தொகையும் குறித்த பில்லோடு நேரில் போய்க் கேளுங்கள். இனிப் பெரிய ஆர்டர்களுக்குப் பாதிப் பணத்தை முன்பணமாகவும் மீதியைப் பைகளை ஒப்படைக்கும் நாளிலும் வாங்குங்கள். தெரிந்தவர் என்பதற்காக விலையையும் குறைக்காதீர்கள். வீட்டிலிருந்து தைக்கத் தொடங்கிய பெண்கள் பலர் துணி, நூல், ஜிப் ஆகியவற்றின் விலையை மட்டும் கூட்டிவிட்டுத் தங்கள் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். அதன்மேல் தள்ளுபடியும் கொடுத்தால், ஒவ்வொரு பையோடும் தன் உழைப்பை இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பதாகிவிடும். ஒரு பைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தைப் படையிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுங்கள். இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுப் பழகியவர்களுக்கு இந்த வேலை இயல்பாகக் கைவரும்.

சமூக ஆதரவு என்றால் என்ன என்று கேட்டீர்கள். கையிருப்பு இல்லாத ஒருவருக்காகச் சமூகம் முன்னால் வந்து இழப்பின் ஒரு பங்கை ஏற்பதுதான் என்று நான் கருதுகிறேன். அமெரிக்காவில் 1944 ஜூன் 22 அன்று கையெழுத்தான படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், போரிலிருந்து திரும்பியவர்கள் வீடு, பண்ணை, தொழில் ஆகியவற்றுக்கு வாங்கும் கடனில் பாதிக்கு, 2,000 டாலர் வரை, அரசே ஜாமீன் நிற்கும் என்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாருக்குக் கடன் என்று முடிவு செய்யும் பொறுப்பு ஊர் வங்கிகளிடம் இருந்தது. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் எடுக்கப்பட்ட கணக்கில், இந்த ஜாமீனோடு வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினப் படைவீரர்களுக்குப் போனவை இரண்டே இரண்டு. பெண்களுக்கு வேறொரு தடை. தொழிற்கடன் கேட்கும் பெண்ணிடம் கணவரோ தந்தையோ சகோதரரோ கையெழுத்திட வேண்டும் என்று கேட்கும் வழக்கத்துக்கு அந்நாட்டில் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது 1988இல்தான். ஊர் என்பதும் சமூகம் என்பதும் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். உங்களைப் பாராட்டும் கூட்டத்தில் யார் இல்லை என்றும் பாருங்கள். அடுத்து ஆறாவதாக ஒருவரைச் சேர்க்கும்போது, அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துச் சேர்த்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

ஆதரவைப் பொதுவாகக் கேட்டால் கைதட்டல்தான் கிடைக்கும். குறிப்பாகக் கேளுங்கள். புத்தகக் கடைக்காரரிடம் மாதம் இத்தனை பைகள் என்று ஆறு மாதத்துக்கு எழுத்தில் ஆர்டர் கேளுங்கள். கணக்குத் தெரிந்த ஒருவரிடம் வாரத்தில் ஒரு மணி நேரம் கேளுங்கள். வசதி உள்ள ஒருவரிடம் நன்கொடையை வாங்காமல், இயந்திரத்துக்கான கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேளுங்கள். அவர் எதற்கு இசைகிறார் என்பதிலேயே உங்கள் தொழிலை எவ்வளவு நம்புகிறார் என்பது தெரிந்துவிடும்.

என் பங்குக்கு, புத்தகங்கள் சுமக்கும் அளவில் ஒரு பை வேண்டும். கூலியையும் சேர்த்துக் கணக்கிட்ட புதிய விலையில் பில் போட்டு அனுப்புங்கள். பணத்தை முன்னதாகவே அனுப்பிவிடுகிறேன். ஆறு மாதம் தினமும் சுமந்த பிறகு, எந்தத் தையல் நின்றது, எது பிரிந்தது என்று உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்.