இலவச மென்பொருளை நிறுவியதும் உலாவியின் தேடல் பக்கம் மாறிவிட்டது. என்னைக் கேட்காமல் இது எப்படி உள்ளே வந்தது?

பெரும்பாலும் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கும். ஆனால் நீங்கள் கவனிக்காதபடி கேட்டிருப்பார்கள். அதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

பிடிஎஃப் கோப்பைப் படமாக மாற்ற ஒருமுறை சின்ன மென்பொருள் ஒன்றை நிறுவினேன். நாலாவது திரையில் நீளமான உரிம ஒப்பந்தம், கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தான். அழுத்திவிட்டேன். அந்த ஒப்பந்தம் நான் கேட்ட மென்பொருளுடையது அல்ல, வேறொரு டூல்பாருடையது (உலாவியில் ஒட்டிக்கொள்ளும் கூடுதல் பட்டை) என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த 'வேண்டாம்' பொத்தான் வெளிறிய சாம்பல் நிறத்தில், செயல்படாதது போலவே இருந்தது. அதை அழுத்தியிருந்தால் டூல்பார் மட்டும் போயிருக்கும், மென்பொருள் ஒழுங்காக நிறுவப்பட்டிருக்கும்.

அப்புறம் அதை நீக்குவது பெரும்பாடு. கண்ட்ரோல் பேனலில் நீக்கினேன், தேடுபொறியைப் பழையபடி மாற்றினேன். மறுநாள் அதே பக்கம் திரும்ப வந்து நின்றது. கடைசியில் டெஸ்க்டாப்பில் உலாவியின் ஐகானை வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் 'டார்கெட்' பெட்டியைப் பார்த்தேன். உலாவியின் கோப்புப் பெயருக்குப் பின்னால் ஒரு இணைய முகவரியை ஒட்டவைத்திருந்தார்கள். அதனால்தான் ஐகானைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் வந்தது. உங்களுக்கும் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அங்கே பாருங்கள், அடுத்து, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில்.

காரணம் காசுதான். கூடுதல் நிரல் ஒவ்வொரு கணினியில் ஏறும்போதும் அதை மென்பொருளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தவருக்கு ஒரு தொகை போகும். மென்பொருளை எழுதியவருக்குத் தெரியாமல் பதிவிறக்கத் தளமே அப்படிச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற பதிவிறக்கத் தளத்தின் ஏமாற்று விளம்பரங்களும் கூடுதல் நிரல்களைச் சேர்க்கும் நிறுவியும் பிடிக்காமல், கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளின் குழு 2013-இல் அதை விட்டு வெளியேறியது. 2015-இல் அந்தத் தளம் கிம்ப்பின் பழைய விண்டோஸ் கணக்கைத் தானே எடுத்துக்கொண்டு, நிறுவியோடு விளம்பரங்களைச் சேர்த்துக் கொடுத்தது. 2016-இல் உரிமையாளர்கள் மாறிய பிறகு அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

விளம்பரமாவது கண்ணில் படும். தரவு போவது தெரியாது. 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று ஒரு நீட்சி (உலாவியில் சேர்க்கும் சின்ன கூடுதல் நிரல், எக்ஸ்டென்ஷன்) அனுமதி கேட்டால், நீங்கள் திறக்கும் பக்கங்களையெல்லாம் அதனால் பார்க்க முடியும் என்று பொருள். பாதுகாப்பு மென்பொருள் என்றால் கூட நம்பிவிட முடியாது. அவாஸ்ட் நிறுவனம் பயனர்களின் உலாவல் தரவைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது. 2020-இல் அதை மூடினாலும், 2024-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது.

சரி, இனி என்ன செய்யலாம்? மென்பொருளை எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது 'எக்ஸ்பிரஸ்' பக்கம் போகாமல் 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு திரையிலும் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இப்போதே உலாவியின் நீட்சிப் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேர்க்காததையெல்லாம் நீக்கிவிடுங்கள். அந்த டூல்பார் இருந்த நாட்களில் வங்கிக் கணக்கிலோ மின்னஞ்சலிலோ நுழைந்திருந்தால் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். அந்தக் கணினியில் வேண்டாம், வேறு கருவியில்.