கரண்ட் போனால் சோலாரும் ஏன் போகிறது? – கேள்வி பதில்

வீட்டு வயரிங், இன்வெர்ட்டர், மாடி சோலார் இதுதான் என் தொழில். வந்த கேள்விகளைப் பார்த்தேன், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கரூர்: இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் வருகிறது. மானியம் கிடைக்கிறதே, சோலார் போட்டுவிடலாமா அண்ணா?

வேண்டாம். முதல் 100 யூனிட் இலவசம், மீதி 80-க்கு நீங்கள் கட்டுவது சொற்பம். போட்ட காசு திரும்ப வருவதற்குள் உங்கள் பிள்ளை கல்லூரி முடித்திருப்பான். அந்தப் பணத்தில் பழைய ஃபேன்களை மாற்றுங்கள். சாதா ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும், பிஎல்டிசி மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்ஸில் அதே காற்றைத் தரும்.

கோவை: 620 யூனிட் வருகிறது. 3 கிலோவாட் போடச் சொல்கிறார்கள். சரிதானா சார்?

உங்களுக்குத்தான் சோலார் உண்மையிலேயே லாபம். நம்மூர் வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் வீதம் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, 100-க்கு மேல் இருக்கும் அந்த மலிவான படியே போய்விடும், கீழே இருந்தே கணக்கு மாறும். அந்த 120 யூனிட்டைக் குறைத்தாலே பில்லில் பெரிய வித்தியாசம் தெரியும்.

இப்போது அளவு. 1 கிலோவாட் நல்ல வெயிலில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் போல வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் குறையும். உங்களுக்கு 2 போதும். 3 எதற்குச் சொல்கிறார்கள் என்றால், 2024-ல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 மானியம், அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000-தான். அந்த முழு மானியத்தைக் காட்டித்தான் 3 விற்கிறார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் இன்னொரு ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் 3 போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

பேனல் போடும் முன் சாயங்காலம் 4 மணிக்கு மாடிக்குப் போய்த் தண்ணீர் டேங்கின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பேனல்களை வரிசையாகச் சேர்த்திருப்பார்கள், ஒன்றில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் தளரும். அப்புறம் எர்த். பேனல் ஃபிரேமுக்குத் தனி எர்த், இடிதாங்கிக்குத் தனி எர்த். குழி தோண்டாமல் பழைய வீட்டு எர்த்திலேயே சேர்த்துவிட்டுப் போனால் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள்.

பட்டுக்கோட்டை: கஜா புயலில் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தோம். அதனால்தான் சோலார் போட்டோம். இப்போது கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது, மட்டமதியானத்தில்கூட. ஏமாற்றிவிட்டார்களா?

2018 நவம்பரில் உங்கள் பக்கம் லட்சத்துக்கு மேல் போஸ்ட் விழுந்தது. அந்த நினைப்பில் போட்டவர்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். உங்களிடம் இருப்பது ஆன்கிரிட். லைனில் கரண்ட் இருந்தால்தான் அது ஓடும். லைன் போனதும் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் பாதுகாப்பு விதி. விற்றவர் அதை முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தப்புதான்.

காரணம் லைன்மேன். அறுந்த கம்பியைக் கட்ட ஒருவர் போஸ்டில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் திரும்பப் போனால், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக ஏற்றி மேல் கம்பியில் 11,000 வோல்ட் ஆக்கிவிடும். இருட்டில் வெளிச்சம் வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு நன்றாக ஏறும்.

சென்னை: இதெல்லாம் கம்பெனிக்காரன் கதை. எங்கள் மாமா வீட்டில் கரண்ட் போனாலும் சோலார் ஓடுகிறது.

மாமா வீட்டில் பேட்டரி இருக்கும், பாருங்கள். ஹைப்ரிட் அப்படித்தான், லைனிலிருந்து வீட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்குள் மட்டும் ஓட்டும்.

சென்னை (மறுபடி): பேட்டரி எதற்கு? சின்ன ஜெனரேட்டரை ஓட்டினால் லைன் இருப்பதாக நினைத்து ஆன்கிரிட் ஓடும். யூடியூபில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

செய்யாதீர்கள். வீட்டில் லோடு குறைந்த நொடியில் மிஞ்சிய சோலார் கரண்ட் ஜெனரேட்டருக்குள் போகும், அதற்கு அதை வாங்கத் தெரியாது, ஜெனரேட்டர் கெட்டுப்போய்விடும். அது உங்கள் காசு. ஆனால் மெயினை இறக்க மறந்து ஓட்டினால் தெருவுக்குப் போகும். போஸ்டில் இருப்பவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றாகச் சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சேர்க்கவே கூடாது, சோலார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதில் இன்னொரு சுற்று விவாதிக்க எனக்கு விருப்பமில்லை.

திருநெல்வேலி: இன்வெர்ட்டருக்கு டியூபுலர் பேட்டரியா, லித்தியமா அண்ணாச்சி?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 ஏஎச் டியூபுலர், 12 வோல்ட், 1,800 வாட் அவர். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 900. 100 ஏஎச் லித்தியம், 12.8 வோல்ட், 1,280, அதில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம், 1,000-ஐத் தொடும். பெயரில் சின்னது, வேலையில் சமம்.

தினமும் கரண்ட் போகும் ஊர் என்றால் லித்தியம். மாதத்துக்கு ஒருமுறை போகிற ஊருக்கு டியூபுலரே போதும், ஆனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், டெர்மினலில் பச்சை பூத்தால் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து வாசலின் தடவ வேண்டும், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், படுக்கையறை ஆகாது. பழைய இன்வெர்ட்டரில் லித்தியத்தை அப்படியே மாட்டாதீர்கள், அதில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓசூர்: 900 விஏ இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜ் ஓடுமா?

ஓடலாம், ஆனால் கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். மாட்டாதீர்கள். மூடியே வைத்தால் ஃபிரிட்ஜ் சில மணி நேரம் தாங்கும்.

வேலூர்: 3 கிலோவாட் போதுமா?

கோவைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மதுரை: இன்வெர்ட்டர் வைத்ததிலிருந்து இஎல்சிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது. வந்தவர் அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிட்டார். இப்போது பிரச்சினை இல்லை.

பிரச்சினை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது அக்கா. இன்றைக்கே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். போன கரண்ட் முழுதும் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் இஎல்சிபியின் வேலை. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பி வரும் வயரை, இஎல்சிபிக்கு வெளியே இருக்கும் நியூட்ரலோடு கலந்திருப்பார்கள், அதனால் கணக்கு உதைக்கிறது. நியூட்ரலைப் பிரித்தால் ட்ரிப் நிற்கும். லோடு ஏறினால் விழுகிற எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடுகிற இஎல்சிபிதான் ஈரக் கையோடு ஹீட்டரைத் தொடுபவரைக் காப்பாற்றும். எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

சேலம்: 3 கிலோவாட்டுக்கு எத்தனை ஏசி ஓடும்? / திருச்சி: எங்களுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும்?

இரண்டு மாத யூனிட் எவ்வளவு என்று எழுதாமல் கிலோவாட் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இபி அட்டையைப் பார்த்துக் கடைசி ஆறு பில்லை எழுதி அனுப்புங்கள்.

பெங்களூரு: கரண்ட் போனால் வைஃபை மட்டும் ஓடினால் போதும், வீட்டிலிருந்து வேலை.

இன்வெர்ட்டரே வேண்டாம். ரவுட்டருக்கென்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறது. ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வாங்குங்கள். இரண்டின் வோல்ட்டையும் அடாப்டரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஈரோடு: காருக்கு வீட்டில் சார்ஜர்?

கார் டீலரின் ஆளையே கூப்பிடுங்கள். மீட்டரிலிருந்து தனி வயர், தனி எர்த் கேளுங்கள்.

தூத்துக்குடி: பேனலை எப்படிக் கழுவுவது?

காலையில் வெயில் ஏறும் முன். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைத் திட்டு படியும், நல்ல தண்ணீரில் மென்மையான துணி போதும். மெயினை இறக்கினாலும் பகலில் பேனல் வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும், வரிசையாகச் சேர்த்த பேனலில் நூற்றுக்கணக்கான வோல்ட். கண்ணாடியைத் துடையுங்கள், அடியில் தொங்கும் கனெக்டரில் கை வைக்காதீர்கள்.