போட்டிக்காக ஒட்டவச்ச கடைசிப் பாரா

அன்புள்ள அக்கா,

நான் சங்கரன்கோவில் பக்கம், ஒரு கூட்டுறவு சங்கத்துல வேலை பாக்கேன். மூணு வருஷமா சிறுகதைப் போட்டிகளுக்கு அனுப்புறேன், ஒன்னுல கூட பேர் வரல. இப்ப எங்கப்பா வச்சிருந்த வாடகை சைக்கிள் கடையை வச்சு ஒரு கதை எழுதிருக்கேன். படிச்ச ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் நல்லாருக்கு, ஆனா போட்டிக்கு இது பத்தாது, கடைசில அழ வைக்கணும், இல்லன்னா ஒரு கருத்தாவது இருக்கணும்னாங்க. அதனால அப்பா இறந்துபோற மாதிரியும், பொண்ணு அந்த சைக்கிளை ஒரு ஏழைப் பையனுக்குக் குடுக்குற மாதிரியும் மாத்தி இன்னொன்னு எழுதினேன். ரெண்டையும் இணைச்சிருக்கேன். எதை அனுப்பட்டும்? இல்ல, இந்தப் போட்டியே நமக்கு வேண்டாம்னு விட்றவா? நடுவர்களுக்கு என்னதான்க்கா பிடிக்கும்?

ம.

அன்புள்ள ம.,

ரெண்டையும் நேத்து ராத்திரியே படிச்சுட்டேன். முதல்ல எழுதினதையே அனுப்புங்க.

ஏன்னு சொல்றேன். உங்க கதைல அப்பா நோட்டுல யார் பேரும் எழுத மாட்டாரு, மட்கார்டுல பெயிண்ட்ல எழுதின சைக்கிள் நம்பரும் எடுத்த நேரமும் விட்ட நேரமும் மட்டும்தான், மணிக்கு அம்பது பைசா. ஆனா ஒரே ஒரு வரில மட்டும் எடுத்த நேரம் இருக்கு, விட்ட நேரம் இல்ல, அதுக்கு நேரா காசும் எழுதல, பொண்ணு பல வருஷம் கழிச்சு அதைப் பாத்துட்டு யாரு எடுத்துட்டுப் போனாங்கன்னு அப்பாகிட்ட கேக்க வாயெடுத்து, கேக்காம நோட்டை மூடி பரண்ல வைக்கிறா. அங்கேயே கதை முடிஞ்சிருச்சு. எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரல. ரெண்டாவது வடிவத்துல அந்த வரி யாரோடதுன்னு நீங்களே சொல்லிடறீங்க, அப்பாவையும் சாகடிச்சுடறீங்க, அதுக்கப்புறம் நான் யோசிக்க ஒன்னுமே இல்லாமப் போச்சு.

நடுவருக்கு என்ன பிடிக்கும்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு போட்டிக்கு நான் முதல் சுற்று வாசிப்பு பண்ணிருக்கேன், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன். வந்த கதையை எல்லாம் பிரிச்சுக் குடுப்பாங்க, என் பங்குக்கு ஒரு தடவை எண்பது வந்துச்சு, பகல்ல வேலை, ராத்திரி சாப்பிட்டப்புறம் உக்காந்து பத்து பன்னெண்டு கதை படிப்பேன். அந்த எண்பதுல பாதிக்கு மேல கடைசிப் பக்கத்துல ஒரு சாவு இருந்துச்சு, இல்லன்னா முதியோர் இல்லம், இல்லன்னா கடைசி வரில ஒரு திருப்பம். எழுதினவங்க எல்லாருமே மனசாரதான் எழுதிருந்தாங்க, அது படிக்கிறப்பவே தெரியும், ஆனா ஆறாவது கதைல ஒரு அம்மா சாகுறப்ப எனக்கு அஞ்சாவது கதையோட அம்மா மறந்து போயிட்டாங்க. எனக்கு அதுவே குற்ற உணர்ச்சியா இருந்துச்சு. அன்னிக்கு உங்க நோட்டு கைல கெடைச்சிருந்தா நான் நிமிர்ந்து உக்காந்திருப்பேன். உங்க ஃப்ரெண்ட்ஸ் நல்ல மனசோடதான் சொல்லிருப்பாங்க, ஆனா அவங்க சொல்ற மாதிரிதான் எல்லாரும் எழுதறாங்க, கூட்டத்துல உங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதே நேரத்துல போட்டியே வேண்டாம்னு சொல்றவங்க பக்கமும் நான் இல்ல. அந்தக் காலத்து எழுத்தாளர் பி.எஸ்.ராமையா 1930கள்ல ஆனந்த விகடன் நடத்தின சிறுகதைப் போட்டிக்கு எழுதித்தான் கதை உலகத்துக்குள்ளயே வந்தாரு. அப்புறம் மணிக்கொடியை 1935ல சிறுகதைக்குன்னே ஒரு பத்திரிகையா நடத்தினாரு, மௌனிங்கிற எழுத்தாளரை எழுத வச்சதும் அவருதான். ஒரு போட்டி அறிவிப்பு ஒரு மனுஷனை உக்கார வச்சு எழுத வச்சதுல எத்தனை பேருக்கு வழி தொறந்துச்சுன்னு நெனைக்கிறப்ப எனக்கு இன்னும் சந்தோஷமா இருக்கு. கடைசித் தேதின்னு ஒன்னு இருந்தாதான் பாதிப் பேருக்கு கதை முடியுது. நீங்களே மூணு வருஷமா எழுதிட்டு இருக்கீங்கன்னா அதுக்கு அந்தத் தேதிகளும் ஒரு காரணம்தானே?

இன்னொன்னு, நம்ம பத்திரிகைப் போட்டிகளோட நிக்க வேண்டாம். காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு தமிழ்லயே எழுதி அனுப்பலாம், நெறைய பேருக்கு இது தெரியல. நுழைவுக் கட்டணம் கிடையாது, 2,000 வார்த்தைல இருந்து 5,000 வார்த்தை வரைக்கும், பதினெட்டு வயசு முடிஞ்ச காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் யாரும் அனுப்பலாம். 2020ல இந்தியாவோட கிருத்திகா பாண்டேயும் 2021ல இலங்கையோட கன்யா டி அல்மேடாவும் எல்லா நாட்டுக்கும் சேத்துக் குடுக்குற முதல் பரிசை வாங்கினாங்க, ரெண்டு பேரும் எழுதினது இங்கிலீஷ்ல. 2021ல மட்டும் 6,000 கதைக்கு மேல வந்துச்சு. அவ்வளவு கூட்டத்துல தேர்வாகலன்னா அதை வச்சு உங்க கதையை நீங்க அளக்கக் கூடாது, முதல் தடவை படிக்கிற ஆளோட ரசனை, அன்னிக்கு ராத்திரி அவரோட அசதி எல்லாமே அதுல சேந்திருக்கு. ஒரு போட்டில தேர்வாகாமப் போன கதை அடுத்த வருஷம் வேற எடத்துல மேல வந்ததை நானே பாத்திருக்கேன்.

ஆனா நம்ம கைல இருக்குறதுல கோட்டை விடக்கூடாது, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். ஒரு நல்ல கதை என்கிட்ட வந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல எழுதினவர் பேரும் ஃபோன் நம்பரும் இருந்ததால விதிப்படி விலக்க வேண்டியதாப் போச்சு, பேர் தெரியாம படிக்கணும்ங்கிறதுதான் அந்தப் போட்டியோட விதி. இன்னொன்னு பழைய ஃபான்ட்ல அடிச்சு வந்து ஒரு எழுத்து கூட படிக்க முடியல, அதனால எந்தக் கம்ப்யூட்டர்லயும் படிக்க முடியுற யூனிகோடு எழுத்துல அடிங்க. வார்த்தை எண்ணிக்கை 1,500ன்னா 1,500க்குள்ளயே நிறுத்துங்க. இந்தக் கதையை ஃபேஸ்புக்லயோ வேற எந்த ஆப்லயோ போட்டுறாதீங்க, நண்பர்கள் படிக்கட்டும்னு போட்டாலும் பல போட்டில அது வெளியான கதைக் கணக்குதான், காமன்வெல்த்லயும் அப்படித்தான். 'வேறெங்கும் வெளியாகவில்லை'ன்னு உறுதிமொழி வேற எழுதிக் குடுக்கணும்.

கதைல நான் கைவைக்கச் சொல்றது ஒரே எடம். முதல் ஒன்றரைப் பக்கம் ஊர், கோயில், ஆடித்தபசுக் கூட்டம்னு போகுது. அழகாத்தான் இருக்கு, ஆனா கடையோட பலகைக் கதவைத் திறக்குற எடத்துல இருந்து ஆரம்பிங்க, தபசுக் கூட்டம் அன்னிக்கு ஒரு சைக்கிள் கூட கடைல மிச்சமில்லன்னு பின்னாடி ஒரு வரில வருதே, அது போதும். குரங்கு பெடல் போடுற பையன் கீழ விழுற பாராவைத் தொடாதீங்க.

கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பிடுங்க, கடைசி ராத்திரில நெட் நிக்கும். அனுப்பிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க. அப்பாவோட அந்த நோட்டு நெஜமாவே இன்னும் பரண்ல இருக்கா?

அன்புடன்,
அக்கா