டென்வர் பனி: சில கேள்விகள், சில பதில்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கும் ஊர் டென்வர். குளிர்காலம் நெருங்கினால் அதைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி, மலையையும் ஊரையும் ஒன்றாக நினைத்துக் கேட்கப்படுபவை. முதலில் அதையே எடுத்துக்கொள்வோம்.

மலையில் இரண்டு அடி பனி கொட்டியதாகச் செய்தி வருகிறது. அன்றைக்கே டென்வரில் பளீரென்று வெயில். மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தானே இருக்கிறது?

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். குளிர்காலத்தில் ஈரக்காற்று பெரும்பாலும் பசிபிக் பக்கமிருந்து வருகிறது. ராக்கி மலைத்தொடரில் ஏறும்போது குளிர்ந்து, இருக்கிற ஈரத்தையெல்லாம் அங்கேயே பனியாக இறக்கிவிடுகிறது. கிழக்குச் சரிவில் இறங்கி டென்வரை எட்டும்போது அது வெறும் வறண்ட காற்று. பள்ளிப் புத்தகத்தில் படித்த மழைமறைவுப் பகுதிதான் இது. அதனால்தான் மலையிலுள்ள சில பனிச்சறுக்கு மையங்களில் ஆண்டுக்கு 25 அடிக்கு மேல் விழும்போது, டென்வருக்குச் சராசரியாக நாலு, நாலரை அடிதான் கிடைக்கிறது.

ஊருக்குள் கொட்ட வேண்டுமானால் காற்று எதிர்த்திசையில் வீச வேண்டும். கொலராடோவின் தென்கிழக்கு மூலையை ஒட்டி ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்கார்ந்தால், மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தை இழுத்து மலையின் கிழக்குச் சரிவில் ஏற்றிவிடும். 'அப்ஸ்லோப்' என்பார்கள். 2003 மார்ச்சில் 31.8 அங்குலம் கொட்டியது இப்படித்தான். 1913 டிசம்பரில் ஐந்து நாளில் விழுந்த 45.7 அங்குலத்தை இன்னும் எந்தப் புயலும் தாண்டவில்லை. ஆகவே வானிலை அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள், காற்றின் திசையையும் பாருங்கள். வடகிழக்கு, கிழக்கு என்று இருந்தால் பனி அள்ளும் ஷவலை வாசலருகே எடுத்து வையுங்கள். மேற்கு என்றால் கவலை மலைக்காரர்களுக்கு.

ஆறு மாதமும் தெருவெல்லாம் வெள்ளையாகவே இருக்குமா?

இருக்காது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் கடைசி வரை எப்போது வேண்டுமானாலும் பனி விழலாம், மே மாதத்திலும் விழுந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பனிக்கும் ஆயுள் குறைவு. காலையில் காலணி புதையும் அளவுக்கு இருந்தது, மறுநாள் பிற்பகலில் தெற்கு பார்த்த நடைபாதையில் காய்ந்தே போயிருக்கும். தெருவின் மறுபக்கம், வீட்டு நிழல் விழுகிற இடத்தில் மட்டும் கட்டியாகி வாரக்கணக்கில் கிடக்கும். வழுக்கி விழுபவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். வீடு பார்க்கும்போது வாசல் எந்தத் திசை என்று கேளுங்கள். வாஸ்துவுக்காக இல்லை, இந்த ஐஸுக்காக.

ஜனவரியில் ஒரே காலையில் ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்குச் சூடாகிவிட்டது. பருவநிலை மாற்றமா?

அந்த ஒரு காலையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது 'சினூக்' காற்று, வெகுகாலமாக வீசுவதுதான். மலையில் ஈரத்தை இறக்கிவிட்ட காற்று கீழே இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ். பனி உருகக்கூடக் காத்திராமல் நேராக ஆவியாகிப் போவதும் இதனால்தான். நீண்ட காலப் பதிவுகளைப் பார்ப்பது வேறு விஷயம். உதாரணமாக, 2021-இல் பருவத்தின் முதல் பனி டிசம்பர் 10 வரை வரவில்லை. அதற்கு முன் இருந்த சாதனை 1934-இன் நவம்பர் 21. ஒரே தாவலில் ஏறக்குறைய மூன்று வாரம் தள்ளிப்போனது கவனிக்க வேண்டிய சங்கதி.

குளிர் குறையும் மார்ச்சில் ஏன் அதிகப் பனி?

கடுங்குளிர்க் காற்றில் ஈரம் தங்காது. மார்ச்சில் தெற்கிலிருந்து ஈரம் வரத் தொடங்கியிருக்கும், உறைய வைக்கிற குளிரும் மிச்சம் இருக்கும். இரண்டும் சேர்வதால் நீண்ட காலக் கணக்கில் மார்ச்தான் முதலிடம். ஜனவரிப் பனியை விளக்குமாற்றால் தள்ளிவிடலாம். மார்ச் பனி நீர் கோத்து கனக்கும், அள்ளினால் முதுகு பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக, விழ விழ வாருங்கள். வீட்டுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையைப் பனி நின்று 24 மணி நேரத்துக்குள் சுத்தம் செய்வது டென்வரில் சட்டப்படி உங்கள் பொறுப்பு.

செய்தியில் 3 அங்குலம் என்றார்கள். எங்கள் பகுதியில் 8 இருந்தது. யார் சொல்வது சரி?

இரண்டும் சரி. அதிகாரப்பூர்வ அளவு வடகிழக்கே சமவெளியில் இருக்கும் விமான நிலையத்தில் எடுக்கப்படுகிறது. மலையடிவாரத்தை நெருங்க நெருங்கப் பனி கூடும். பக்கத்து ஊரான போல்டர் ஏறத்தாழ டென்வரின் உயரத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கே கணிசமாக அதிகம்.

வாடகைக் காரில் மலைக்குப் போகலாமா?

டயரைப் பார்த்துவிட்டுப் போங்கள். டென்வரிலிருந்து மேற்கே மலைக்குள் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில், மோரிசன், டாட்செரோ என்ற ஊர்களுக்கு இடையே, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, பனிக்கு ஏற்ற டயரோ சங்கிலி போன்ற மாற்று ஏற்பாடோ இருக்க வேண்டும் என்பது சட்டம். டயரின் மேல் இருக்கும் பள்ளக்கோடுகளின் ஆழம் குறைந்தது 3/16 அங்குலம் வேண்டும். வாடகைக் கார் என்பதால் விலக்கு கிடையாது. சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் முகம் கறுக்குமா?

கறுக்கும். ஊர் 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், புதுப்பனி அதைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி இரண்டும் தேவை.

பனிதான் விழுகிறதே, தோட்டத்து மரத்துக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டுமா?

வேண்டும். பலரும் இதில்தான் மரத்தை இழக்கிறார்கள். நடுக்குளிர்காலத்துப் பனியில் நீர் சொற்பம், அதிலும் ஒரு பங்கு ஆவியாகிவிடும். பல வாரம் பனியோ மழையோ இல்லையென்றால், அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் ஓரிரு முறை, வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் நண்பகல் வாக்கில் ஊற்றுங்கள். மாலைக்குள் மண் உறிஞ்சிவிடும். புதிதாக நட்ட மரம் என்றால் மறக்கவே கூடாது. ஊற்றி முடித்ததும் ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் இரவில் உள்ளே நிற்கும் நீர் உறைந்து குழாயை வெடிக்க வைக்கும்.